புண் ஆறினால் போதுமா?

கொற்கை முத்தால் உலகறிந்த கரை நம் தூத்துக்குடிக் கரை. இங்கு முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்குகுளிப்போ இன்றும் நடக்கிறது. இக்கடல் தந்த சங்கையும் சிப்பியையும் தமிழ் மருத்துவர் அணிபொருளாக மட்டும் கருதினாரில்லை. அவற்றைப் புடமிட்டு நீறாக்கி, வயிற்றெரிவுக்கும் குன்மத்துக்கும் கொடுத்தனர். குன்மத்தை எண்வகையாகப் பிரித்தறிந்த மருத்துவம் நம்முடையது. அந்நீற்றிலுள்ள சுண்ணம், இரைப்பையில் ஊறும் காடியோடு (அமிலத்தோடு) கலந்து அதன் கடுமையைத் தணிக்கிறது. இன்று கடைகளில் விற்கும் காடிமுறிப்புக் கூழ்மருந்துகளும் அவ்வேலையையே செய்கின்றன.

ஆயினும், முன்னோர் பெருமையைப் பேசிக்கொண்டே நோயை வளர்ப்பது தமிழ்த்தொண்டு ஆகாது. காடியைத் தணிப்பது வேறு. புண்ணின் வேரைக் களைவது வேறு. நீறாயினும் சரி, மேலைநாட்டு மாத்திரையாயினும் சரி, இவ்வேறுபாட்டை அறியாமல் விழுங்குவோர்க்கு இரண்டும் ஒன்றே.

மேலை மருத்துவம் இத்துறையில் கண்ட வெற்றி சிறிதன்று. சேம்சு பிளாக்கு என்னும் அறிஞரின் ஆய்வால் உருவான சிமெட்டிடின் 1976-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அவர் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் சுவீடனில் ஒமிப்ரசோல் வந்தது. காடிமுறிப்பு மருந்துகள் ஊறிய காடியை முறித்தன. இதுவோ காடி ஊறும் வாயிலையே அடைக்கிறது. பாண்டோபிரசோல் முதலியன இதன் உடன்பிறப்புகள். கத்தி வைத்து அறுத்துத் தீர்த்த புண்கள் இவற்றால் சில கிழமைகளில் ஆறின. இதை மறுப்பது அறியாமை.

ஆனால் ஆறிய புண் ஏன் மீண்டும் வந்தது? காரமும் கவலையுமே கரணியம் என்று மருத்துவரே நெடுங்காலம் நம்பினர். 1982-இல் ஆத்திரேலியாவில் இராபின் வாரனும் பாரி மார்சலும் இரைப்பையில் வாழும் எலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்து வளர்த்தனர். உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்சல் அந்நுண்ணுயிரியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, தம் கூற்றுக்குத் தம் உடலையே சான்றாக்கினார். 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இந்நுண்ணுயிரி நம் நாட்டு மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வயிற்றில் உறைகிறது. எல்லார்க்கும் புண் உண்டாக்குவதில்லை. புண் உண்டாக்கிய இடத்திலோ, நுண்ணுயிர்க்கொல்லிகளைக் காடியடக்கியோடு சேர்த்து ஏறத்தாழ இரண்டு கிழமை உண்டால் பெரும்பாலும் வேரோடு ஒழிகிறது.

புண்ணின் மற்றொரு வேர் வலிநீக்கி மாத்திரை. இதனை நம் கரையின் உழைப்பாளிகள் உன்னிப்பாகக் கேட்க வேண்டும். உப்பளத்தில் வெயிலில் நின்று வாருபவரும், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும், சங்குக்கு மூழ்குபவரும் உடல்வலிக்கு ஒரு மாத்திரை, அது தந்த வயிற்றெரிவுக்கு மற்றொரு மாத்திரை என்று வாங்கியுண்டால், ஒரு கையால் தீமூட்டி மறுகையால் நீர் தெளிப்பதன்றோ அது? வலிநீக்கி தொடரும்வரை புண்ணுக்கான இடரும் தொடரும்.

நெஞ்செரிப்பு இதனின் வேறானது. உணவுக்குழலின் கீழ்வாய் தளர்ந்து காடி மேலேறுவதால் வருவது அது. அவருள் சிலர்க்கும், நெஞ்சக நோய்க்கு ஆசுப்பிரின் உண்பவர் சிலர்க்கும் காடியடக்கி நெடுநாள் தேவைப்படும். அன்னார் மருத்துவரைக் கேளாது நிறுத்தலும் தவறே.

இவற்றையெல்லாம் உண்பவர்க்கு யார் சொல்வது? மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஆங்கிலம்! காலையுணவுக்கு அரைமணி முன் உண்ண வேண்டும் என்பதைத் தமிழில் எங்கே காண்கிறோம்? மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து, கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கிறது. காடியடக்கிகளால் சிறுநீரகம் திடீரெனக் கேடுறக்கூடும் என்று மருந்துத்தாளில் குறிக்குமாறு 2019-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அறிவுறுத்தியது. நன்று! ஆனால் அவ்வெச்சரிக்கை எம்மொழியில்? உண்பவன் படிக்கவியலாத எச்சரிக்கை, எழுதப்படாத எச்சரிக்கையே. இது மொழிப்பற்று மட்டுமன்று, உயிர்க்காப்பு.

தமிழக அரசே! தமிழ் மண்ணில் விற்கும் ஒவ்வொரு மருந்திலும் எதற்கு, எப்போது, எத்துணை நாள், என்ன தீங்கு என்பன தமிழில் இருக்க வழிசெய்க. மருத்துவர்களே! சீட்டைத் தமிழில் எழுதுக. கரணியத்தை வாய்திறந்து சொல்லுக.

தோழர்களே! இரண்டு கிழமைக்கு மேல் எரிவு நீடித்தால் கடைக்காரரிடம் செல்லாதீர், மருத்துவரிடம் செல்லுங்கள், நுண்ணுயிரி உண்டா என்று ஆய்ந்து பார்க்கக் கேளுங்கள். குருதி கக்கினாலோ, மலம் தார்போற் கறுத்தாலோ, விழுங்கல் தடைப்பட்டாலோ, உடல் மெலிந்தாலோ ஒருநாளும் காத்திராதீர். எரிவு, உடல் எழுப்பும் குரல். அக்குரலை அடக்கும்முன் அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள்!