சிவப்பழகு மந்திரம்: பெயர் மாறியது, கதை மாறியதா?

ஓர் ஊரில் ஒரு பெண் இருந்தாள். அவள் கறுப்பு. வேலை கிடைக்கவில்லை. மாப்பிள்ளையும் வரவில்லை. ஒரு நாள் மந்திரக் களிம்பு ஒன்று கிடைத்தது. பூசினாள். சிவந்தாள். வேலை வந்தது, ராஜகுமாரனும் வந்தான்!

இது பாட்டி சொன்ன கதை அல்ல. 1975-ல் விற்பனைக்கு வந்த "பேர் அண்டு லவ்லி" முகக்களிம்பின் விளம்பரங்கள் பல ஆண்டுகள் சொன்ன கதை. "மகன் இல்லையே" என்று தந்தை பெருமூச்சு விடுகிறார். மகள் களிம்பு பூசி விமானப் பணிப்பெண் ஆகிவிடுகிறாள்! இப்படி ஒரு விளம்பரம் டெலிவிஷனில் வந்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தினர் விடவில்லை. 2003-ல் அது நிறுத்தப்பட்டது.

2009-ல் நம் சென்னையில் "விமன் ஆப் வொர்த்" என்ற அமைப்பு, "கறுப்பும் அழகே" என்று பிரசாரம் தொடங்கியது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்தார். பேச்சு நாடு முழுவதும் பரவியது.

2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பரைப் போலீஸ்காரர் கொன்றார். உலகம் கொதித்தது. அடுத்த மாதமே கம்பெனி, சிவப்பைக் குறிக்கும் "பேர்" என்ற சொல்லை எடுத்துவிடுவதாக அறிவித்தது. களிம்பு "குளோ அண்டு லவ்லி" ஆயிற்று. சிவப்பு போய்ப் பளபளப்பு வந்தது. அவ்வளவுதான்!

வள்ளுவர் கண்ட பெண்

நம் முன்னோர் கணக்கே வேறு. மாந்தளிர் போன்ற நிறத்தை "மாமை" என்று புகழ்ந்தார்கள். காதலனைப் பிரிந்தவள் மேனி வெளிறிப் போனால் அதற்குப் "பசலை" என்று பெயர். அது அழகு அல்ல, நோய்! மயிலாப்பூரில் கோவில் கொண்டிருக்கும் திருவள்ளுவர், அந்த வேதனைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார்.

பவுன் கணக்கு

இன்று தி.நகரில் கல்யாணப் பட்டு எடுக்கும் கூட்டத்தில் சற்று நின்று பாருங்கள். "பெண் கொஞ்சம் கலர் கம்மி" என்ற பேச்சு காதில் விழும். கலர் குறைந்தால் பவுன் கூடும். மகளுக்குக் களிம்பு வாங்கித் தரும் தாயை நான் முட்டாள் என்று சொல்லமாட்டேன். பவுன் விலை அவளுக்குத் தெரியும். பெண்ணின் படிப்பையும் குணத்தையும் விட்டுவிட்டுக் கன்னத்தை உற்றுப் பார்க்கும் மாப்பிள்ளை வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

இந்த ஆசையில் ஆபத்தும் இருக்கிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டது. முகவரி இல்லாத சிவப்பழகுக் களிம்புகளில் இருந்த பாதரசமே காரணம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்த செய்தி 2023-ல் வெளிவந்தது. தயாரிப்பவர் பெயரும் முகவரியும் இல்லாத டியூப்பை வாங்காதீர்கள். பூசிய பிறகு காலோ முகமோ வீங்கினால் உடனே டாக்டரிடம் போங்கள். அந்த டியூப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.