சிறப்புப் பயிற்றுநருக்கு வகுப்பறைக்குள் இடம் வேண்டும்

மாற்றுத்திறன் கொண்ட குழந்தையைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று எந்த அரசுப் பள்ளியும் இன்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடுகிறது. அதன் பிறகு அந்தக் குழந்தை வகுப்பில் உட்கார்ந்து என்ன கற்கிறது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

பெற்றோர், வகுப்பாசிரியர், சிறப்புப் பயிற்றுநர் ஆகிய மூன்று தரப்பினரும் உறுப்பினர்களாக உள்ள எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: சிறப்புப் பயிற்றுநர் வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகிறவராக இருக்கக் கூடாது. பள்ளியின் நிரந்தர ஆசிரியராக, வகுப்பாசிரியரோடு ஒரே அறையில் நின்று, ஒரே பாடத்தை இருவரும் சேர்ந்து நடத்த வேண்டும்.

இப்போது நடப்பதைப் பார்ப்போம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்தைச் சார்ந்து பணிபுரிகிறார்கள். தொகுப்பூதியம்தான். ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீடுகளுக்கும் போக வேண்டும், மருத்துவ முகாமுக்கு ஆள் திரட்ட வேண்டும், பதிவேடுகளையும் நிரப்ப வேண்டும். இவற்றுக்கு நடுவே அவர் ஒரு பள்ளிக்கு வரும் நாளில், ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடந்துகொண்டிருக்கும். அறிவுசார் குறைபாடுள்ள சிறுமியை அவர் வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பட அட்டைகளை வைத்து நிறங்களையும் எண்களையும் சொல்லித் தருவார். முக்கால் மணி நேரம் கழித்து அவள் உள்ளே வரும்போது கரும்பலகையில் இருப்பது அவளுக்குப் புதிது. வெளியே நடந்த பயிற்சிக்கும் உள்ளே நடந்த பாடத்துக்கும் ஒட்டுறவே இல்லை. இதில் பயிற்றுநரையும் குற்றம் சொல்ல முடியாது, வகுப்பாசிரியரையும் குற்றம் சொல்ல முடியாது. இருவரும் உட்கார்ந்து பேச ஒரு பாடவேளைகூட யாரும் ஒதுக்கித் தரவில்லை.

இதே பின்னப் பாடத்தை இருவர் சேர்ந்து எடுத்தால் எப்படி இருக்கும்? காகிதப் பட்டையை நான்காக மடித்து ஒரு பங்குக்கு வண்ணம் தீட்டும் குழுவைச் சிறப்புப் பயிற்றுநர் கவனிப்பார். கணக்குகளைப் போடும் குழு வகுப்பாசிரியரிடம் இருக்கும். பாதி நேரத்தில் குழுக்கள் இடம் மாறும். அந்தச் சிறுமி கால் பங்கை மடித்துக் காட்டினால் போதும், அன்றைய பாடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியா உள்ள பையனுக்கு வாய்க்கணக்கை ஒருவர் படித்துக் காட்டினால் விடை டக்கென்று வரும். எந்தச் சான்றிதழும் இல்லாமல், கணக்கு என்றாலே ஒதுங்கி உட்காரும் நான்கைந்து பிள்ளைகளும் அந்த மடிப்புக் காகிதத்தால் பயன்பெறுவார்கள். இப்படி இருவர் சேர்ந்து நடத்தும் இணைக் கற்பித்தலை நாங்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இணைக் கற்பித்தலின் ஐந்து முறைகளை லின் குக், மெர்லின் ஃபிரெண்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர்கள் 1995இல் வகுத்துக் காட்டினார்கள். அவற்றுள் ஒருவர் நடத்த மற்றவர் உதவும் முறைதான் எளிது. நம்மூரில் எளிதில் கெட்டுப்போகக்கூடியதும் அதுதான். சிறப்புக் கல்வியில் பட்டம் பெற்ற ஒருவர் நோட்டுத் திருத்தவும், அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்தவும், வருகைப் பதிவேட்டை எடுத்துவரவும் மட்டும் பயன்பட்டால் அதற்கு இணைக் கற்பித்தல் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. ஆகவே, வாரத்தில் ஒரு பாடவேளையாவது இருவரும் சேர்ந்து திட்டமிடுவதற்காகக் கால அட்டவணையிலேயே ஒதுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்குமான தனிநபர் கல்வித் திட்டத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

சிறப்புப் பள்ளிகளை மூடச் சொல்கிறோமா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பில் காது கேளாத குழந்தையை உட்கார வைத்துவிட்டு அதை உள்ளடக்கிய கல்வி என்று சொல்வது ஏமாற்று வேலை. 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தருகிறது. பக்கத்துப் பள்ளியில் ஆளில்லை என்பதால் தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்ப நேர்ந்தால், அது தேர்வு அல்ல, கட்டாயம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. தேவைதான். ஆனால் நான்காம் வகுப்பிலேயே முறையாகக் கற்பித்திருந்தால் சிலருக்கு அந்த விலக்கே தேவைப்பட்டிருக்காது.

பணம் இல்லை, ஆள் இல்லை என்ற பதில் இனி செல்லாது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தபோது, தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேலான வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதம் வரையறுக்கப்பட்டது. பணியிடங்களை ஒப்பளித்து விளம்பரம் செய்யுமாறும், நீண்ட காலமாக ஒப்பந்தத்தில் இருப்பவர்களைத் தேர்வுக் குழு வழியாகப் பரிசீலிக்குமாறும் 2025 மார்ச்சில் எல்லா மாநிலங்களுக்கும் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழக அரசு இதைத் தொகுப்பூதியத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் வாய்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர், ஒரு குழந்தைக்கு மூன்றாண்டுத் திட்டம் எப்படிப் போடுவார்?

ஈராசிரியர் பள்ளிகளில் இது அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் சமாளிக்கும் இடத்தில் மூன்றாவது ஆளை முழுநேரமாகக் கேட்பது இன்றைக்கு நடக்காத காரியம். அங்கே அருகருகே உள்ள இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஒரு பயிற்றுநரை நிலையான நாள்களில் நியமிக்கலாம். அவர் வரும் நாளிலும் வராந்தாவில் அல்ல, வகுப்புக்குள்தான் வேலை செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நலிவுற்ற பிரிவினரின் பெற்றோருக்கு உரிய இடம் தர வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மாற்றுத்திறன் குழந்தைகளும் அந்தப் பிரிவில் அடக்கம். அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். உங்கள் பள்ளியில் எத்தனை மாற்றுத்திறன் மாணவர்கள் இருக்கிறார்கள், சிறப்புப் பயிற்றுநர் எந்தெந்த நாளில் எந்த வகுப்பில் பாடம் எடுக்கிறார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதையே தீர்மானமாக எழுதி நிறைவேற்றி, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.