தேர் பழையது, அச்சாணி புதியது

சென்ற திங்கள் சங்கப் படிப்பகத்தில் நாம் அமர்ந்திருந்தபோது, நண்பர் ஒருவர் தம் மகன் அனுப்பிய படமொன்றைக் கைப்பேசியில் காட்டினார். 1964ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட போண்டியாக் ஜி.டி.ஓ. என்னும் மோட்டார் வண்டி அது. நேற்று ஆலையை விட்டு வந்தது போல் பளபளத்தது. "பழுது நீக்கிப் புதுப்பித்தவர் தினமும் அதிலேயே வேலைக்குப் போகிறாராம். கண்ணாடிக்குள் வைக்க வேண்டியதைத் தெருவில் ஓட்டித் தேய்க்கலாமா?" என்றார். அவர் குரலில் வியப்பினும் வருத்தமே மிகுந்திருந்தது. நாமோ புகைவண்டி அலுவலகத்தில் பேனா பிடிப்பவரேயன்றி இயந்திர நிபுணரல்லேம். ஆயினும் அவ்வினா நம்மை விடவில்லை. படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கு எழுதுகிறோம்.

நடுத்தர அளவுள்ள வண்டியில் பெரிய வண்டிக்குரிய இயந்திரத்தைப் பொருத்தினால், அதனை அந்நாட்டார் "மசில் கார்" என்பர். அவ்வகைக்கு வழி திறந்தது இந்த ஜி.டி.ஓ.வே எனப் பலர் கருதுகின்றனர். 1963இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் தன் பிரிவுகள் பந்தயங்களில் ஈடுபடலாகாதெனத் தடை விதித்தது. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரம் கூடாதென்றும் ஒரு விதி இருந்தது. போண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவர் தோழரும் இதற்கொரு வழி கண்டனர். டெம்பெஸ்ட் லெமான்ஸ் வண்டிக்கு, விரும்பியவர் சுமார் 296 டாலர் கூடுதலாகக் கொடுத்துப் பெறும் சேர்க்கையாக 389 கன அங்குல இயந்திரத்தை அளித்தனர். விதி தனி வண்டியைப் பற்றியதாம், சேர்க்கையைப் பற்றியதன்றாம்! அலுவலகச் சுற்றறிக்கைகளைப் படித்துப் பழகிய நமக்கு இவ்வுத்தி புன்முறுவலை வரவழைத்தது. முதலாண்டில் 32,450 வண்டிகள் விலையாயின.

அவ்வியந்திரத்தின் சக்தி 325 குதிரைச் சக்தி என்றனர். விசிறி முதலிய துணைக்கருவிகளைப் பூட்டாமல் அளந்த அக்காலக் கணக்கு அது. சாலையில் கிட்டுவது அதனினும் குறைவே. ஆனாலும் ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டியைப் பாயச் செய்ய அது தாராளமாகப் போதும்.

பாயச் செய்தவர்கள் நிறுத்துவதைப் பற்றி அவ்வளவு எண்ணவில்லை என்பதே நம் குறை. நான்கு சக்கரங்களிலும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக்குகளே இருந்தன. வேகமாகச் சென்று மீண்டும் மீண்டும் பிரேக்கை அழுத்தினால் டிரம் சூடேறி விரியும். உள்ளிருக்கும் பட்டையின் பிடி தளரும். இதனினும் அஞ்சத்தக்கது வேறொன்று. நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் அக்காலத்தில் ஒரே அறையுடையது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் மிதி தரையைத் தொடும். நான்கு சக்கரங்களும் ஒருங்கே கைவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறையுள்ள அமைப்பை அமெரிக்கச் சட்டம் 1968இல்தான் கட்டாயமாக்கியது.

எனவே, தினமும் ஓட்டக் கருதி இத்தகைய வண்டியைப் புதுப்பிப்பவர் முதலில் கை வைப்பது பிரேக்கில். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் பொருத்துகின்றனர். நம் இரயில்வேயிலும் இம்மாற்றம் நிகழ்ந்ததே! பழைய பெட்டிகளில் பிரேக்குக் கட்டை சக்கரத்தின் ஓடுபரப்பையே அழுத்தும், எல்.எச்.பி. பெட்டிகளிலோ அச்சில் பூட்டிய தட்டைப் பற்றும். அதே பாதையில் அதே ஊருக்குத்தான் போகிறோம். நிற்பதில்தான் வேற்றுமை.

அடுத்தது பெட்ரோல். அக்கால பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு வந்து அமரும் இருக்கை தேயாமல் அது காத்தது. சாலை வண்டிகளுக்கு ஈய பெட்ரோலை அமெரிக்கா 1996இல் முற்றிலும் விலக்கியது. ஆகவே கடினப்படுத்திய எஃகு இருக்கைகளைப் பதிக்கின்றனர். இன்றைய பெட்ரோலிற் கலந்த எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்குமாதலால் அவற்றையும் மாற்றுகின்றனர். மின்பொறிக்கு மின்னணுச் சாதனமும், நெரிசலில் கொதிக்காதிருக்க அலுமினிய ரேடியேட்டரும் வருகின்றன. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணிக்கும் இருக்கைப்பட்டை, குழந்தைகளை ஏற்றிச் செல்வார்க்கு வேண்டியதே.

ஐந்தாம் பல்லிணை உள்ள கியர்பெட்டியும் பூட்டுகின்றனர். மணிக்கு 70 மைல் வேகத்தில், பின்னச்சின் பல்விகிதம் 3.55 ஆனால், பழைய நான்காம் கியரில் இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 3,200 முறை சுழலும். புதியதில் அது 2,200 அளவுக்கு இறங்கும். இரைச்சலும் தேய்மானமும் குறையுமன்றோ?

"அப்படியானால் எஞ்சிய பழமை எது?" என நம் நண்பர் மடக்கலாம். வினா நியாயமானதே. பிறந்தபோது பூட்டிய அதே இயந்திரம், அதே உறுப்புகள் என எண் பார்த்து மதிப்பிடுவோர் அங்கு உண்டு. மாற்றிய வண்டிக்கு அவர்கள் விலை குறைப்பர். வரலாற்றுக்குச் சான்றாகத் தொடாத சில வண்டிகள் இருக்கவே வேண்டும். ஆயினும் பூட்டி வைத்த வண்டியும் தேயாமல் இருப்பதில்லை. பெட்ரோல் புளித்துப் பிசினாகிறது. ரப்பர் வளையங்கள் உலர்ந்து வெடிக்கின்றன. டயர் நின்ற இடத்தில் தட்டையாகிறது.

நாம் ஒரு வரையறை கொள்வோம். திருகாணியைக் கழற்றிப் பூட்டிச் செய்யும் மாற்றம் தகும். உடலை வெட்டியும் பற்றவைத்தும் செய்வது தகாது. புதிய கியர்பெட்டிக்காகத் தரைத்தகட்டை அறுக்க நேர்ந்தால், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்போம். கழற்றிய உறுப்பு ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவி, சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். சீட்டில்லாத மூட்டையின் கதி என்னவென்று சரக்கு அலுவலகத்தில் நாம் பார்த்திருக்கிறோம்.

இதனை அச்சுக்கு அனுப்புமுன் நண்பருக்குப் படித்துக் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கி, முன்சக்கரத்தின் இடுக்கில் உற்று நோக்கினார். "தட்டுத்தான் இருக்கிறது, ஐயா," என்றார்.