டயரும் தாயாரும்

எங்கள் வீட்டில் இரண்டு மாதம் நடந்த சண்டைக்குக் காரணம் பட்டுப் புடவை என்று நினைத்தீர்களானால் ஏமாந்து போவீர்கள். சண்டை நான்கு டயர்களைப் பற்றியது. ஸ்டெப்னியையும் சேர்த்தால் ஐந்து.

"கறுப்பாக, வட்டமாக இருக்கிற சாமானைப் பற்றி ஒரு பக்கம் எழுத என்ன இருக்கிறது?" என்று என் மனைவி கேட்டாள். இருக்கிறது. கேளுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரு சின்ன எஸ்.யூ.வி. பார்வைக்கு ஜீப்பின் தம்பி மாதிரி இருக்கும். குணத்தில் சாதாரணக் கார்தான். என்ஜினின் சக்தி முன் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகும். சென்னையில் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, காய்கறி வாங்கப் போவது, ஆபீசுக்குப் போவது, இவைதான் அதன் அன்றாட உத்தியோகம். மாதம் ஒரு முறை ஏற்காட்டுக்குப் பிரயாணம். அங்கே என் அண்ணன் ஒரு சிறு காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். அம்மா அவரோடு இருக்கிறாள். தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண் பாதை. கோடையில் அது பாதை. ஐப்பசி மாதத்தில் அது குயவர் குழைத்து வைத்த களிமண்.

2023 நவம்பரில் நாங்கள் அங்கே போயிருந்தபோது, ஓர் இரவு அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். கூடவே மூச்சுத் திணறல். உடனே சேலத்துக்குக் கொண்டு போக வேண்டும். வெளியில் பேய் மழை. வீட்டைவிட்டு அரைக் கிலோமீட்டர் வந்ததும் ஒரு மேடு. முன் சக்கரங்கள் சுற்றின, சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. வண்டி அங்குலம்கூட நகரவில்லை. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். டயரின் பள்ளங்களிலெல்லாம் களிமண் அப்பிக்கொண்டு, டயர் அம்மிக் குழவிபோல் மொழுமொழுவென்று இருந்தது. குழவி எங்கே மேடு ஏறும்?

கடைசியில் தோட்டத்து ஆட்கள் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தார் ரோடு வரை நடந்தார்கள். அங்கிருந்து ஒரு வாடகை ஜீப். அம்மா பிழைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்..." என்று டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான்தான் பல இரவுகள் படுக்கையில் புரண்டுகொண்டு அதை முடித்துப் பார்த்தேன்.

டயரை மாற்றுவது என்று தீர்மானித்தேன். மோட்டார் விஷயம் தெரிந்த ஸ்நேகிதர் ஒருவரைக் கேட்டேன். இந்த மாதிரி வண்டிகளுக்கு மூன்று ரகம் உண்டு என்றார். எச்.டி. என்பது நெடுஞ்சாலைக்கானது, வண்டியோடு பெரும்பாலும் வருவது அதுதான். எம்.டி. என்பது சேற்றுக்கென்றே பிறந்தது. ஏ.டி. என்பது இரண்டுக்கும் நடுவில் நின்று எல்லாத் தரைக்கும் ஈடுகொடுப்பது.

"நடுவில் இருப்பவர்கள் எதற்கும் உதவமாட்டார்கள். எம்.டி. போடுங்கள் ஸார்! அதிலும் ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள்" என்றார் ஸ்நேகிதர். போட்டேன்.

பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. கட்டை கட்டையாக ரப்பர். நடுவே அகலமான வாய்க்கால்கள். சக்கரம் சுற்றும் வேகத்தில் சேறு தானே வெளியே தெறித்துவிடும், டயர் குழவியாகாது. சொன்னது பொய்யில்லை. 2024 ஏப்ரலில் ஒரு மழை நாளில், அம்மாவை நாற்காலியில் தூக்கிய அதே மேட்டில் வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. அண்ணன் கை தட்டினார். நான் மீசையில்லாத குறைக்கு உதட்டை முறுக்கிக்கொண்டேன்.

ஆனால் சென்னையிலிருந்து சேலம் வரை அந்த டயர்கள் போட்ட சத்தம் இருக்கிறதே! ஆத்தூர் வருவதற்குள் எங்கள் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. பெட்ரோல் முன்னைவிட அதிகம் குடித்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசியது. "புருஷன் பேசுவது காதில் விழாத வண்டி என்றால் சிலருக்குப் பிடிக்கலாம். எனக்கு வேண்டாம்" என்றாள் மனைவி. இதுதான் சண்டையின் ஆரம்பம்.

மே மாதம் அம்மாவை டாக்டரிடம் காட்டுவதற்காக மலை இறங்கினோம். கோடை மழை ஒரு பாட்டம் பெய்து விட்டிருந்தது. சேலம் பக்கம் இறங்கும் அந்த ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் கீழேயிருந்து பஸ் ஏறி வந்தது. தப்பு அதன் மேல் இல்லை. அந்த வளைவில் பஸ் அப்படித்தான் அகலமாகத் திரும்ப முடியும். பிரேக்கை அழுத்தினேன். பிரேக் துடிப்பது காலில் தெரிந்தது. வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போயிற்று. பஸ்ஸின் முகப்புக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

பின் ஸீட்டிலிருந்து அம்மா, "சேர்வராயா!" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். சேலம் போகும் வரை வேறு யாரும் பேசவில்லை. அன்று இரவு மனைவி சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் சேலத்தில் ஒரு டயர்க் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தம்பி, இந்த டயரை வண்டிக்கு வாங்கினீங்களா, கனவுக்கு வாங்கினீங்களா?" என்றார்.

நான் விழித்தேன். அவர் தம் உள்ளங்கையை மேஜைமேல் வைத்தார். "ஒரு டயர் ரோட்டைத் தொடறது ஏறக்குறைய இந்தக் கையளவுதானுங்க. அதிலே பாதி வாய்க்காலாப் போயிட்டா, ரோட்டைப் பிடிச்சுக்க என்ன மிச்சம்? சேத்திலே வாய்க்கால் வேணும். தார் ரோட்டிலே ரப்பர் வேணும்."

ஈர ரோட்டில் பிடிப்பதற்கு இன்னொன்றும் வேண்டுமாம். நல்ல சாலை டயரின் ரப்பர்க் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய கீறல்கள் இருக்கும். தண்ணீர்ப் படலத்தைக் கிழித்து ரோட்டைப் பற்றுவது அந்த விளிம்புகள்தான். சேற்று டயரில் அவை மிகக் குறைவு. போதாததற்கு, கல்லுக்கும் முள்ளுக்கும் தாக்குப்பிடிக்க ரப்பரும் பெரும்பாலும் சற்றுக் கடினமாகவே இருக்கும்.

பிறகு பெரியவர் கணக்குப் போடச் சொன்னார். சென்னையிலிருந்து சேலம் ஏறக்குறைய 340 கிலோமீட்டர். அங்கிருந்து ஏற்காடு 30. மண் பாதை 3. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! "போறதுக்கு டயர் பார்த்தீங்க. நிக்கறதுக்குப் பார்க்கலீங்களே" என்றார். என் படிப்பெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துவிட்டது.

எம்.டி. டயர்களை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு ஏ.டி. வாங்கினேன். அதிலும் பல சாதி உண்டு. சேற்று டயருக்கு அண்ணன் முறை ஆகிறவையும் இருக்கின்றன; சாலை டயருக்குத் தங்கை முறை ஆகிறவையும் இருக்கின்றன. நடுப் பகுதியில் கட்டைகள் நெருக்கமாகவும், கீறல்கள் நிறையவும், ஓரங்களில் மட்டும் இடைவெளி அகலமாகவும் உள்ளதைப் பெரியவர் பொறுக்கிக் கொடுத்தார். என் போன்ற இரண்டுங்கெட்டான் பிரயாணிகளுக்கு அது போதும்.

டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எழுத்துக்களைப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார். என் வண்டியில் 215/65 ஆர் 16 98 எச் என்று இருந்தது. 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 65 பங்கு. ஆர் என்றால் ரேடியல். 16 அங்குலம் ரிம்மின் விட்டம். 98 என்றால் ஒரு டயர் 750 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாளும். நாம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். பளுவைக் குறிக்கும் எண் மட்டும் கம்பெனி சொன்னதற்குக் குறையவே கூடாது.

65-க்குப் பதில் 70 போட்டால் வண்டி 11 மில்லிமீட்டர்தான் உயரும். அதற்கு ஈடாக ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-ல் போகும் அளவுக்குக் கணக்கு மாறிவிடும். ஒரு விரல்கூட உயராத லாபத்துக்கு இவ்வளவு தொல்லையா? பழைய அளவே போதும் என்றேன்.

இன்னொரு ரகசியம்: டாட் என்ற எழுத்துக்களை அடுத்துவரும் வரிசையின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 1824 என்றால், 2024-ம் வருஷம் 18-வது வாரத்தில் பிறந்த டயர். கத்தரிக்காயை முற்றலா என்று ஒடித்துப் பார்த்து வாங்குகிற பெண்மணிகள் இதையும் பார்த்து வாங்கலாம். ஸ்டெப்னியையும் மறக்காமல் அதே அளவில் வாங்குங்கள்.

"சரி, களிமண் மேடு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். அண்ணனும் நானும் யோசித்தோம். வழுக்குகிற இடம் அந்த ஒரு மேடுதான். இரண்டு லோடு சரளைக் கல் வாங்கிக் கொட்டினோம். டயரால் தீராத வழக்கு கல்லால் தீர்ந்தது. மழை நாளில் மண் பாதையில் நுழையும்போது காற்றை 33 பவுண்டிலிருந்து 25-க்குக் குறைத்துக்கொண்டு மெதுவாகப் போகிறேன். டயர் சற்றுப் பரந்து தரையைப் பிடிக்கிறது. தார் ரோட்டுக்கு வந்ததும், வண்டியின் மின்சாரத்திலேயே ஓடும் சிறு பம்பினால் மறுபடி நிரப்பிவிடுகிறேன். சோம்பல்பட்டு அப்படியே ஓட்டினால் டயர் சூடேறிக் கெட்டுவிடும்.

நாள் முழுதும் தோட்டத்துச் சேற்றிலேயே உழல்கிறவர்கள், நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் வைத்திருப்பவர்கள், எம்.டி. போடட்டும், அவர்களுக்கு அது தேவை. மண்ணையே மிதிக்காதவர்கள் எச்.டி.யோடு சுகமாக இருக்கட்டும். மற்றவர்கள் கடைக்குப் போகுமுன், ஒரு வருஷத்தில் எந்த ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் போகிறோம் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். டயரின் பெயர் அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

2024 நவம்பரில், அதேபோல் ஒரு மழை நாளில், அம்மாவைச் சேலத்துக்கு அழைத்து வந்தேன். மேடு ஏறினோம், இருபது வளைவும் இறங்கினோம். பின் ஸீட்டிலிருந்து சத்தமே இல்லை. கவலையோடு மனைவி திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையைச் சாய்த்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஊருக்குள் நுழைந்ததும்தான் கண் விழித்தாள்.

"ஏண்டா, மலை இறங்கியாச்சா?" என்றாள்.