குழி வெட்டுவது யார் கடமை?

பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர் கல்லறைகளை மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. சரிதான். ஆனால் இதே ஏரிக்கரை ஊர்களில் குழி வெட்டுகிறவரை யார் பாதுகாப்பது?

'ஊருக்குச் சேவை செய்கிறார்' என்று புகழ்ந்துவிட்டு, கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். விரும்பிச் செய்தால்தான் அது சேவை. பிறந்த சாதிக்காகத் தலையில் கட்டினால் அடிமை வேலை. பட்டியல் சாதியினரை அப்படிக் குழி வெட்ட வைப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பொது மயானத்தில் அவர்களைத் தடுப்பதும் குற்றமே. அப்படியிருந்தும் 2019இல், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நிலத்து வழி கிடைக்காமல், தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள்.

மயான வேலை ஊராட்சியின் சம்பள வேலையாகட்டும். எல்லாச் சாதியினரும் அதைச் செய்யட்டும். மாணவர்களே, அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக்கக் கேளுங்கள்.