படகு வாங்குமுன் ஒரு கணக்கு

விடுமுறையில் பிள்ளைகளோடு மீன்பிடிக்கச் சிறுபடகு வாங்கலாமா என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. வாங்கலாம், ஆனால் கணக்கை மோட்டாரிலிருந்து தொடங்காதீர்கள்.

அமைதியான குடாவில் மூவர் செல்ல 14 அடி ஃபைபர் படகும் 15 குதிரைத்திறன் மோட்டாரும் போதுமானவை. படகின் தாங்குதிறனை மீறிய மோட்டார் பின்புறத்தை அமிழ்த்தும். அலைநீர் உள்ளே புகும். பழைய மோட்டாராயின், அதைக் குளிர்விக்கும் நீர் சீராக வெளியேறுகிறதா என இயக்கிப் பார்த்தே வாங்குங்கள்.

மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, ‘சுமத்ரா’ எனப்படும் சூறைக்காற்று அதிகாலையில் திடீரென வீசக்கூடும். ஆகவே, பிள்ளையின் எடைக்கேற்ற உயிர்காப்பு அங்கியையே முதலில் வாங்குங்கள். அதற்குப் பணம் எஞ்சவில்லையெனில், அப்படகு நம் சக்திக்கு மீறியது என்பதே என் கருத்து.

பள்ளி திறக்கும் நாளில் எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்க வேண்டுமல்லவா?