ஒரு பென்னிப் பத்திரிகையின் சிரிப்பு

யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தில் மோசே கடவுளின் மகிமையைக் காண ஆசைப்படுகிறார். என் முகத்தைப் பார்த்த எவனும் உயிரோடு இருக்க முடியாது என்கிறார் கடவுள். கடைசியில் ஓர் ஏற்பாடு செய்யப்படுகிறது. மோசே கன்மலை வெடிப்பில் நிற்க வேண்டும். கடவுள் கடந்து போகும்வரை அவரைத் தம் கையால் மூடிக்கொள்வார், பிறகு கையை எடுத்துப் பின்பக்கத்தை மட்டும் காட்டுவார். 1882 இறுதியில் லண்டனில் வந்த 'ஃப்ரீதிங்கர்' வார இதழின் கிறிஸ்துமஸ் மலர் இந்தக் காட்சியைக் கேலிச்சித்திரமாகப் போட்டது. கால்சட்டை அணிந்த தெய்வப் பின்புறம் ஒன்றை மோசே தரிசிக்கிறார். அந்த மலருக்காக ஆசிரியர் ஜி. டபிள்யூ. ஃபூட்டுக்கு 12 மாதம், வெளியீட்டாளர் ராம்சேக்கு 9 மாதம், கடையில் விற்ற கெம்ப்புக்கு 3 மாதம் சிறை. முதல் ஜூரி ஒத்த முடிவுக்கு வரவில்லை. சில நாளில் வேறு ஜூரியைக் கூட்டினார்கள். அவர்கள் இருந்த இடத்தைவிட்டு எழாமலே குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள்.

ஃபூட் வேதாகமம் தெரியாமல் கிண்டலடித்தவர் இல்லை. அவரது பத்திரிகையில் வந்த படங்கள் பல, பிரான்சில் லியோ தக்ஸில் வெளியிட்ட வேடிக்கை பைபிளிலிருந்து எடுத்தவை. அவற்றின் உத்தி ஒன்றுதான்: வசனம் என்ன சொல்கிறதோ அதை ஒளித்து மறைக்காமல் வரைவது. பிரசங்க மேடையில் 'மகிமை' என்று சொல்லிக் கடந்துபோகிற இடத்தில் மூலநூல் உடம்பைப் பற்றிப் பேசுகிறது. முகம் இருக்கிறது, கை இருக்கிறது, பின்பக்கம் இருக்கிறது. ஃபூட் அந்த உடம்பைப் பார்த்தார், வாசகனையும் பார்க்க வைத்தார். நல்ல மதக் கேலி எல்லாமே இப்படி நெருங்கி வாசிப்பதிலிருந்துதான் பிறக்கிறது என்று நாங்கள் நம்புகிறோம்.

தெய்வ நிந்தனைக்காக இங்கிலாந்தில் கடைசியாகச் சிறை சென்ற ஜான் வில்லியம் காட்டின் கதையும் இதுதான். பிராட்ஃபோர்டில் கால்சட்டை வியாபாரம் செய்தவர். 1921இல் அவருக்கு 9 மாதம் கடின உழைப்புத் தண்டனை கிடைத்தது. இயேசு எருசலேமுக்குள் இரண்டு கழுதைகள்மேல் சர்க்கஸ் கோமாளிபோல வந்தார் என்று அவர் துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருந்தார். இந்த இரண்டு கழுதை காட்டின் கற்பனை அல்ல. மத்தேயு 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீடர்கள் கழுதையையும் அதன் குட்டியையும் கொண்டுவருகிறார்கள், இரண்டின் மேலும் துணி விரிக்கிறார்கள், அவற்றின்மேல் அவரை ஏற்றுகிறார்கள். மாற்கு, லூக்கா, யோவான் மூவரிடமும் ஒரே விலங்குதான். சகரியா தீர்க்கதரிசி ஒரே மிருகத்தை எபிரேயக் கவிதை மரபுப்படி இரண்டு அடிகளில் அடுக்கிச் சொல்லியிருந்தார். தீர்க்கதரிசனம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியதாகக் காட்ட விரும்பிய மத்தேயு, இரண்டு மிருகங்களையே கொண்டுவந்துவிட்டார் என்பது விவிலிய அறிஞர் பலரின் விளக்கம். இறையியல் வகுப்பில் இதைச் சொன்னால் அது ஆய்வு. காட் தெருவில் நின்று சொன்னதால் அவர் சிறைக்குப் போனார், உடம்பு கெட்டு வெளியே வந்தார், 1922 முடிவதற்குள் இறந்தும் போனார்.

ஃபூட் சிறையில் இருந்தபோதே, 1883 ஏப்ரலில், வேறு சில இதழ்களுக்காக அவர்மேல் இன்னொரு வழக்கு நடந்தது. அவர் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. மில், ஹக்ஸ்லி, மாத்யூ ஆர்னால்டு போன்ற மதிப்புமிக்கவர்களின் நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு வாதாடினார். ஆர்னால்டு 1873இல் எழுதிய நூலில் பரிசுத்த திரித்துவத்தை மூன்று ஷாஃப்ட்ஸ்பரி பிரபுக்களாக உருவகித்திருந்தார். அதற்காக ஒரு போலீஸ்காரரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. 'ஃப்ரீதிங்கர்' ஒரு பென்னிக்கு விற்றது, அதைக் கூலித் தொழிலாளி வாங்கினான். பணக்கார வாசகனுக்கு ஐயமும் நையாண்டியும் அறிவின் அடையாளம், ஏழை வாசகனுக்கு அவையே சமூக ஆபத்து. அன்றைய சட்டம் இந்தக் கணக்கில்தான் நடந்தது.

தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபு இந்த வழக்கில் ஜூரிக்குச் சொன்ன விளக்கத்தைப் பெரிய முன்னேற்றமாகச் சட்ட வரலாறு கொண்டாடுகிறது. விவாத நாகரிகம் குறையாமல் எழுதினால் மதத்தின் அடித்தளத்தையே தாக்கலாம், அது குற்றமாகாது என்றார். அந்த ஜூரியால் ஒருமித்த முடிவு எடுக்க முடியவில்லை, வழக்கும் கைவிடப்பட்டது. நல்லதுதான். ஆனால் யாருடைய நாகரிகம்? கனவான்களின் நாகரிகம். கேலிக்கென்று அந்த அறையில் இடமே இல்லை. ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் என்ற நீதிபதி, பழமையில் ஊறியவர், மறு ஆண்டே இதைப் பிடித்துக்கொண்டார். விசுவாசியின் மனம் புண்படுவதுதான் குற்றமென்றால், அவிசுவாசியின் மனத்தைப் புண்படுத்தும் பிரசங்கத்தையும் தண்டிக்க வேண்டுமே என்று கேட்டார், இந்தச் சட்டமே போக வேண்டும் என்றார். அது போக 2008 வரை ஆயிற்று.

தெய்வக் கேலியே விவிலியத்துக்கு அந்நியம் என்பதும் உண்மையல்ல. கர்மேல் மலையில் எலியா பாகாலின் தீர்க்கதரிசிகளைப் பார்த்துச் சிரிக்கிறார். உரக்கக் கூப்பிடுங்கள், உங்கள் சாமி யோசனையில் இருப்பார், பயணம் போயிருப்பார், ஒருவேளை தூங்குகிறார், எழுப்ப வேண்டியிருக்கும் என்கிறார். ஃபூட்டின் பக்கங்களில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் எலியாவின் கதை அங்கே முடியவில்லை. அந்தப் பாகால் தீர்க்கதரிசிகள் 450 பேர். அவர்களைக் கீசோன் ஓடைக்குக் கொண்டுபோய் வெட்டிப்போடுகிறார். கேலியை நாங்கள் அளக்கும் இடம் இதுதான். சிரிக்கிறவன் கையில் வாள் இருந்தால் அந்தச் சிரிப்பு கொலைக்கு முன்னோட்டம். ஃபூட்டிடம் இருந்தது ஓர் அச்சகமும் ஒரு கடையும். வாள், சிறை, ஜூரி எல்லாம் எதிர்த்தரப்பில் இருந்தன. இன்று இந்தியாவில் தேவாலயத்தைத் தாக்கப் போகிற கூட்டம் சொல்லும் பைபிள் நகைச்சுவையை நாங்கள் ஃபூட்டின் வாரிசாக ஏற்க மாட்டோம்.

இந்த மரபு நமக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. ஃபூட் மலர் போட்ட அதே 1882இல் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' வார இதழைத் தமிழில் தொடங்கினார்கள். லண்டனில் நாத்திகர் பிராட்லா நடத்திய மதச்சார்பின்மை இயக்கத்தோடு உறவு வைத்திருந்தவர்கள் அவர்கள். பாதிரிமார் பிரசங்கத்தையும் கேள்வி கேட்டார்கள், நம் புராணங்களையும் விடவில்லை. அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரின் 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி' வந்ததும் அதே ஆண்டுதான். பேராசிரியர் வீ. அரசு அவ்விதழ்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் இந்தப் பெயர்கள்கூட நமக்குத் தெரிந்திருக்காது. சிற்றிதழ் நடத்துகிற ஒவ்வொருவரும் அந்தத் தொகுதிகளை வாசிக்க வேண்டும். பைபிளைக் கேள்வி கேட்ட கையோடு சொந்த வீட்டுச் சாமியறையையும் திறந்துகாட்டிய நேர்மை அவற்றில் இருக்கிறது.

இங்கிலாந்து தன் சட்டத்தைக் கைவிட்டுவிட்டது. 1927இல் வெள்ளையர் ஆட்சி நமக்குக் கொடுத்த 295ஏ பிரிவோ, பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்ற புது எண்ணோடு தொடர்கிறது. 3 ஆண்டுவரை சிறை. தீய நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. நோக்கம் நிரூபணமாகும் முன்பே வழக்குக்கு அலைவதே ஒரு சிற்றிதழை மூடப் போதும். அந்த அச்சத்தில் நம் எழுத்தாளர்கள் பலர் மேசையிலேயே அடித்துவிடும் பத்திகளை நாங்கள் கேட்டு வாங்க விரும்புகிறோம்.

எந்த மதத்தின் நூலாக இருந்தாலும் சரி, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அதிகாரம், வசனம், படலம், செய்யுள் எண்ணை ஓரத்தில் குறியுங்கள். மூலத்தை எடுத்துச் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுப்போம். விசுவாசிகள் பதில் எழுதினால், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வரும்.